காலையிலும் மாலையிலும் ஒரே விடை வரணும்
கணினிப் பாடம்: வி.எஸ். கோட் ஜூப்பிட்டர் நோட்புக்கின் புதிய வசதிகள்



இந்த மாதப் பாடத்தில் விஷுவல் ஸ்டூடியோ கோட் என்ற மென்பொருளுக்குள் இயங்கும் ஜூப்பிட்டர் நோட்புக்கைப் பார்க்கப் போகிறோம். பல்கலைக்கழகத்திலும் பாலிடெக்னிக்கிலும் படிக்கும் உங்களில் பலர் இதை ஏற்கெனவே தொட்டிருப்பீர்கள். எஸ்பிஎம் எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளும் தாராளமாகத் தொடங்கலாம். காசு கட்ட வேண்டியதில்லை. சாதாரண மடிக்கணினி ஒன்று இருந்தால் போதும்.

கடந்த சில ஆண்டுகளில் இந்த நோட்புக்கில் நிறைய வசதிகள் சேர்ந்துவிட்டன. எல்லாவற்றையும் பட்டியல் போட்டுச் சொன்னால் படிச்சிட்டு மறந்துடுவீங்க. அதனால் ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு போவோம். நான் கண்டுபிடித்த எண்ணை, இன்னொருவர் என் நோட்புக்கைத் திறந்து ஓட்டிப் பார்த்தாலும் பெறுவாரா? இந்தக் கேள்விக்கு "ஆமாம்" என்று சொல்ல எந்த வசதி உதவுகிறதோ, அதை மட்டும் இன்றைக்குக் கற்றுக்கொள்வோம்.

நோட்புக் என்பது என்ன?

பள்ளியில் அறிவியல் ஆய்வுக் கூடத்தில் ஒரு பயிற்சிப் புத்தகம் வைத்திருப்போம். என்ன செய்தோம், என்ன பார்த்தோம், என்ன முடிவுக்கு வந்தோம் என்று வரிசையாக எழுதுவோம். கணினி நோட்புக்கும் அதே மாதிரிதான். ஒரு கட்டத்தில் விளக்கம் எழுதலாம். அடுத்த கட்டத்தில் பைத்தான் கட்டளை எழுதலாம். கட்டளையை ஓட்டினால் விடையோ வரைபடமோ அதற்குக் கீழேயே வந்து நிற்கும். இந்தக் கட்டங்களை ஆங்கிலத்தில் "செல்" என்பார்கள். நாம் கட்டம் என்றே சொல்வோம்.

கொலம்பியாவில் பிறந்த பெர்னாண்டோ பெரஸ் என்பவர் 2001-இல் மாணவராக இருந்தபோது தொடங்கிய ஐபைத்தான்தான் இதன் வேர். 2014-இல் அதிலிருந்து ஜூப்பிட்டர் திட்டம் பிரிந்தது. ஜூலியா, பைத்தான், ஆர் ஆகிய மூன்று மொழிகளின் பெயர்களைச் சேர்த்து அந்தப் பெயரை வைத்தார்கள். அதில் வியாழன் கோளும் ஒளிந்திருக்கிறது. 1610-இல் கலிலியோ வியாழனைச் சுற்றும் நிலவுகளைத் தினந்தோறும் பார்த்துத் தம் ஏட்டில் குறித்து வைத்தார். மற்றவர்களும் வானத்தைப் பார்த்துச் சரிபார்க்கும்படி அந்தக் குறிப்புகளை அச்சிட்டும் வெளியிட்டார். அவருடைய ஏட்டுக்கு மரியாதையாக இந்தப் பெயர் நிற்கிறது.

முன்பெல்லாம் நோட்புக்கை இணைய உலாவியில்தான் திறப்பார்கள். வி.எஸ். கோட் 2015-இல் வந்தது. 2019 அக்டோபரில் அதன் பைத்தான் நீட்சிக்குள்ளேயே நோட்புக்கைத் திறந்து எழுதும் வசதி கிடைத்தது. 2020 நவம்பரில் ஜூப்பிட்டர் தனி நீட்சியாகப் பிரிந்தது. இப்போது ஜூலியாவுக்கும் ஆருக்கும்கூட அதே நீட்சி பயன்படுகிறது.

தொடங்கும் முறை

பைத்தானையும் வி.எஸ். கோட்டையும் நிறுவிக்கொள்ளுங்கள். இடப்பக்கம் நீட்சிகளுக்கான சின்னத்தை அழுத்தி, மைக்ரோசாப்ட் வெளியிட்ட பைத்தான், ஜூப்பிட்டர் என்ற இரண்டு நீட்சிகளையும் சேருங்கள். பிறகு கண்ட்ரோல், ஷிப்ட், பி மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் மேலே ஒரு பெட்டி திறக்கும். அதில் "நியூ ஜூப்பிட்டர் நோட்புக்" என்று தேடினால் வெற்று நோட்புக் கிடைத்துவிடும்.

வலப்பக்கம் மேலே "செலக்ட் கெர்னல்" என்று இருக்கும். கெர்னல் என்பது திரைக்குப் பின்னால் உட்கார்ந்து உங்கள் கட்டளைகளை நிறைவேற்றும் வேலையாள். எந்தப் பைத்தானைப் பயன்படுத்துவது என்று அங்கே தேர்ந்தெடுக்க வேண்டும். அட்டவணைக்குப் பாண்டாஸ், வரைபடத்துக்கு மேட்பிளாட்லிப் என்ற நூலகங்களையும் அதே பைத்தானில் நிறுவுங்கள். "நிறுவினேன் அக்கா, ஆனா இல்லேன்னு சொல்லுது" என்று புலம்பும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, கெர்னலில் எந்தப் பைத்தான் தேர்வாகி இருக்கிறது என்றுதான். பெரும்பாலும் நூலகம் ஒரு பைத்தானில் இருக்கும், நோட்புக் இன்னொன்றில் ஓடிக்கொண்டிருக்கும்.

நம் ஊர்க் கணக்கு

பயிற்சிக்கு நம் மாநிலத்தின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2020 ஜனவரி 25-இல் மலேசியாவின் முதல் கோவிட் தொற்றுகள் அறிவிக்கப்பட்டன. அவர்கள் சிங்கப்பூர் வழியாக ஜொகூருக்குள் வந்திருந்த சீனப் பயணிகள். மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. ஜொகூர் கடற்பாலத்தில் தினமும் போய் வந்த மக்கள் அப்படியே நின்றுபோனார்கள். அந்தப் பக்கம் அப்பா, இந்தப் பக்கம் பிள்ளைகள் என்று மாதக்கணக்கில் பிரிந்திருந்த குடும்பங்கள் நம் ஊரில் எத்தனையோ. 2021 நவம்பர் 29 முதல் தடுப்பூசி போட்டவர்களுக்குச் சிறு அளவில் பேருந்துகள் ஓடின. 2022 ஏப்ரல் 1-இல்தான் எல்லை முழுமையாகத் திறந்தது.

எல்லை திறந்ததும் மாமாக் கடையில் ஒரு பேச்சு கிளம்பியது: "பாலத்தைத் திறந்தாங்க, நோய் கூடிடுச்சு." இன்னொரு மேசையில், "அதெல்லாம் இல்ல, குறைஞ்சுதான் போச்சு." யார் சொல்வது சரி? சத்தமாகப் பேசுபவர் சொல்வதா? தரவு திறந்து கிடக்கும்போது நாமே பார்த்துவிடலாம்.

மலேசிய சுகாதார அமைச்சு 2021 ஜூலையில் தன் கோவிட் தரவுகளைக் கிட்ஹப் தளத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதில் மாநில வாரியான தொற்றுகளுக்கு ஒரு கோப்பு உண்டு. அந்த அட்டவணையில் குறுக்கே ஓடும் ஒவ்வொரு நிரையும் ஒரு நாளில் ஒரு மாநிலத்தின் கணக்கு. தேதி ஒரு பத்தியில், மாநிலம் ஒரு பத்தியில், புதிய தொற்று இன்னொரு பத்தியில் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள்.

நம் நோட்புக்கில் நான்கு கட்டங்கள் போதும்.

முதல் கட்டம்: கோப்பைப் படித்து "தரவு" என்று பெயர் வைக்கிறோம்.
இரண்டாம் கட்டம்: அதிலிருந்து ஜொகூர் நிரைகளை மட்டும் பிரித்து "ஜொகூர்" என்று பெயர் வைக்கிறோம்.
மூன்றாம் கட்டம்: புதிய தொற்றை லட்சம் பேருக்கு எத்தனை என்று மாற்றுகிறோம்.
நான்காம் கட்டம்: வரைபடம் வரைகிறோம்.

மூன்றாவது எதற்கு என்று கேட்பீர்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஜொகூரில் சுமார் 40 லட்சம் பேர் இருக்கிறார்கள். பெர்லிஸில் 3 லட்சத்துக்கும் குறைவு. இரண்டு மாநிலங்களிலும் 100 பேருக்குத் தொற்று என்றால், அந்த 100-க்கு ஒரே பொருள் இல்லை. லட்சத்துக்கு எத்தனை என்று மாற்றினால்தான் ஒப்பிட முடியும். ஜொகூருக்கு 40-ஆல் வகுத்தால் போதும்.

எங்கே வழுக்குகிறது?

ஒரு நாளில் 800 தொற்று என்று வைத்துக்கொள்வோம். 40-ஆல் வகுத்தால் லட்சத்துக்கு 20. சரி. இப்போது மூன்றாம் கட்டத்தில் நீங்கள் வகுத்த விடையை அதே பத்தியில் எழுதியிருக்கிறீர்கள் என்றால், அந்தப் பத்தியில் 800 போய் 20 உட்கார்ந்துவிட்டது. வரைபடத்தின் நிறத்தை மாற்ற வேண்டும் என்று திரும்பி வருகிறீர்கள். கை பழக்கத்தில் மூன்றாம் கட்டத்தை இன்னொரு முறை ஓட்டுகிறீர்கள். 20 மறுபடியும் 40-ஆல் வகுபட்டு 0.5 ஆகிவிடும். எழுதிய கட்டளையில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தியும் வராது. வரைபடம் அழகாக, அதே வடிவத்தில் வரும். பக்கவாட்டில் உள்ள எண்கள் மட்டும் பொய்.

வகுப்பில் ஒரு தங்கை கேட்டாள்: "அக்கா, காலையில ஒரு விடை வந்துச்சு, மத்தியானம் வேற விடை வருது. லேப்டாப் கெட்டுப்போச்சா?" லேப்டாப் நல்லாத்தான் இருந்தது. இந்தக் குழப்பம் உலகம் முழுக்க உண்டு. கெர்னல் என்ற வேலையாள் நீங்கள் எந்த வரிசையில் கட்டளை கொடுத்தீர்களோ அந்த வரிசையில்தான் செய்வார். பக்கத்தில் எது மேலே, எது கீழே என்று அவர் பார்ப்பதில்லை. நீங்கள் ஒரு கட்டத்தை அழித்துவிட்டாலும், அது முன்பு உருவாக்கிய பெயர் அவர் நினைவில் அப்படியே இருக்கும். நாம் படிப்பது ஒரு கதை, கெர்னலின் மனதில் ஓடுவது வேறு கதை.

இது சின்னப் பிள்ளைகளின் பிரச்சினை மட்டுமில்லை. 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் கிட்ஹப்பில் பொதுவில் கிடந்த லட்சக்கணக்கான நோட்புக்குகளை மறுபடியும் ஓட்டிப் பார்த்தார்கள். ஏறக்குறைய 24 விழுக்காடுதான் பிழையின்றி ஓடி முடிந்தன. முன்பு சேமித்திருந்த அதே விடையைத் தந்தவை ஏறக்குறைய 4 விழுக்காடு. நூற்றுக்கு நான்கு!

இப்போது வசதிகளுக்கு வருவோம். ஒவ்வொன்றும் இந்த வழுக்கலில் எங்கே கை கொடுக்கிறது என்று பாருங்கள்.

ஒன்று: ஓரத்து எண்

கட்டத்தை ஓட்டியதும் அதன் ஓரத்தில் சதுர அடைப்புக்குள் ஓர் எண் வரும். எத்தனையாவதாக அது ஓடியது என்பதைக் காட்டும் எண் அது. கூடவே பச்சைக் குறியும் எவ்வளவு நேரம் எடுத்தது என்பதும் தெரியும். மேலிருந்து கீழே 1, 2, 3, 4 என்று இருந்தால் நல்லது. 1, 2, 7, 4 என்று இருந்தால், மூன்றாம் கட்டம் இன்னொரு முறை ஓடிவிட்டது என்று அர்த்தம். விடையைப் படிக்கும் முன் ஓரத்தைப் படியுங்கள். இது பழைய வசதிதான், ஆனால் பலரும் கண்டுகொள்ளாத வசதி.

இரண்டு: மாறிகள் பலகை

மேலே உள்ள பட்டையில் "வேரியபிள்ஸ்" என்ற பொத்தானை அழுத்தினால் கீழே ஒரு பலகை திறக்கும். கெர்னலின் நினைவில் இந்த நிமிடம் என்னென்ன பெயர்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் எந்த வகை, எவ்வளவு பெரியது, உள்ளே என்ன மதிப்பு என்று வரிசையாகக் காட்டும். வேலையாளின் மனதைத் திறந்து பார்ப்பது மாதிரி.

நம் கணக்கில் இதை வைத்து உடனே ஒரு சோதனை செய்யலாம். மலேசியாவில் 13 மாநிலங்களும் 3 கூட்டரசுப் பிரதேசங்களும் சேர்ந்து 16. ஒரு நாளுக்கு 16 நிரைகள். அப்படியானால் "தரவு" அட்டவணையின் மொத்த நிரைகளை 16-ஆல் வகுத்தால் மீதி வரக்கூடாது. "ஜொகூர்" அட்டவணையில் உள்ள நிரைகளை 16-ஆல் பெருக்கினால் மொத்தம் கிடைக்க வேண்டும். பலகையில் இரண்டின் அளவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். மனக்கணக்கிலேயே பார்த்துவிடலாம். பொருந்தவில்லை என்றால் கோப்பு பாதியில் இறங்கியிருக்கலாம், அல்லது மாநிலத்தின் பெயரைத் தவறாக எழுதியிருக்கலாம். பெயரில் ஓர் எழுத்து மாறினால் பிழைச் செய்தி வராது, வெற்று அட்டவணைதான் வரும். அதையும் இந்தப் பலகைதான் காட்டிக்கொடுக்கும்.

மூன்று: வரி வரியாக ஓட்டுதல்

ஒரு கட்டத்தில் பத்து வரிக் கட்டளை இருக்கிறது, எந்த வரியில் எண் மாறியது என்று தெரியவில்லை. அப்போது "ரன் பை லைன்" என்ற வசதியைப் பயன்படுத்துங்கள். ஒரு வரி ஓடி நிற்கும். எஃப் 10 விசையை அழுத்தினால் அடுத்த வரி. மாறிகள் பலகையைத் திறந்து வைத்துக்கொண்டு இதைச் செய்தால், 800 எந்த இடத்தில் 20 ஆகிறது என்பது கண் முன்னால் தெரியும்.

படிவம் நான்கில் கணக்கு ஆசிரியர் "வழிமுறையைக் காட்டு, விடைக்கு மட்டும் மதிப்பெண் இல்லை" என்பாரே, அதையே கணினியிடம் கேட்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கட்டத்தின் பாதியில் நிறுத்தி ஆராய இன்னும் பெரிய பிழைத்தேடல் கருவியும் இருக்கிறது. தொடக்கத்துக்கு இது போதும்.

நான்கு: டேட்டா ராங்லர்

இது 2023-இல் மைக்ரோசாப்ட் வெளியிட்ட தனி நீட்சி. உங்கள் அட்டவணையை எக்செல் மாதிரி விரித்துக் காட்டும். ஒவ்வொரு பத்தியின் தலையிலும் அது என்ன வகை, எத்தனை இடம் காலியாக இருக்கிறது, மதிப்புகள் எப்படிப் பரவியிருக்கின்றன என்ற சுருக்கம் இருக்கும்.

நம் கோப்பில் தேதிப் பத்தியைப் பாருங்கள். சாதாரணமாகப் படித்தால் அது தேதியாக வராது, வெறும் எழுத்தாகத்தான் வரும். மனிதக் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பத்தித் தலையில் வகையைப் பார்த்தால்தான் புரியும். தேதியாக மாற்றினால்தான் மாத வாரியாகச் சேர்க்கவும், வரைபடத்தில் சரியான இடைவெளியில் வைக்கவும் முடியும்.

இதில் எனக்குப் பிடித்தது வேறொன்று. எக்செலில் ஒரு பத்தியை அழித்தால் அழிந்தது அழிந்ததுதான், எப்படிச் செய்தோம் என்ற தடம் இருக்காது. டேட்டா ராங்லரில் சுட்டியால் எதையாவது மாற்றினால், அதற்கான பாண்டாஸ் கட்டளையை அதுவே எழுதிக் காட்டும். ஏற்குமுன் மாற்றம் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே பார்க்கலாம். முடிந்ததும் அந்தக் கட்டளைகளை நோட்புக்குக்குள் அனுப்பிவிடலாம். கட்டளை எழுத இன்னும் பழகாதவர்களும் தங்கள் வேலையின் தடத்தை விட்டுச் செல்ல முடிகிறது.

ஐந்து: கட்டம் கட்டமாக ஒப்பிடுதல்

இரண்டு பேர் சேர்ந்து ஒரு நோட்புக்கில் வேலை செய்கிறீர்கள். நேற்று நீங்கள் வைத்த கோப்பில் இன்று நண்பர் என்ன மாற்றினார்? நோட்புக் கோப்பின் உள்ளே பார்த்தால் குறியீடுகளும் படங்களும் நீளமான எழுத்துக் குவியலாக இருக்கும். சாதாரண ஒப்பீட்டுக் கருவியில் பார்த்தால் தலை சுற்றும். கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டைப் பயன்படுத்தினால், வி.எஸ். கோட் இதைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, பழையது இடப்பக்கம், புதியது வலப்பக்கம் என்று காட்டும். கட்டளை மாறியதா, விடை மட்டும் மாறியதா என்பதும் தனித்தனியாகத் தெரியும். கட்டளை மாறாமல் விடை மட்டும் மாறியிருந்தால் உஷாராகுங்கள். மூலத் தரவு மாறியிருக்கலாம். அல்லது கட்டங்கள் ஓடிய வரிசை மாறியிருக்கலாம்.

ஆறு: நம்பிக்கையும் மறைப்பும்

வாட்ஸ்அப்பில் வந்த நோட்புக்கை அப்படியே ஓட்டிவிடாதீர்கள். அதில் உள்ள கட்டளை உங்கள் கோப்புகளை அழிக்கவும் முடியும். 2021 முதல் வி.எஸ். கோட் ஒரு கோப்புறையைத் திறக்கும்போது, இதை எழுதியவரை நம்புகிறீர்களா என்று கேட்கிறது. தெரியாத இடத்திலிருந்து வந்தது என்றால் இல்லை என்று சொல்லுங்கள். ஓட்டாமல் படிக்கலாம், படித்துப் புரிந்த பிறகு முடிவு செய்யலாம்.

இதைவிட முக்கியமானது, நீங்கள் வெளியே அனுப்பும் நோட்புக். விடைகள் எல்லாம் கோப்புக்குள்ளேயே சேமிக்கப்படுகின்றன. உங்கள் கிளையின் உறுப்பினர் பட்டியலை வைத்து, எந்தத் தாமானிலிருந்து எத்தனை பேர் வருகிறார்கள் என்று கணக்குப் போட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் சரிபார்க்க அட்டவணையின் முதல் ஐந்து நிரைகளைக் காட்டச் சொல்லியிருப்பீர்கள். அந்த ஐந்து பேரின் பெயர், அடையாள அட்டை எண், தொலைபேசி எண் எல்லாம் நோட்புக்கோடு ஊர் சுற்றும். மூலக் கோப்பை அனுப்பாவிட்டாலும்தான்! அதனால் பகிர்வதற்கு முன் "கிளியர் ஆல் அவுட்புட்ஸ்" பொத்தானை அழுத்துங்கள். விடைகள் நீங்கி, வழிமுறை மட்டும் மிஞ்சும். கட்டளைகளுக்குள் யாருடைய பெயரையாவது எழுதியிருக்கிறீர்களா என்பதையும் ஒருமுறை கண்ணோட்டிப் பாருங்கள்.

இறுதிச் சோதனை

வேலை முடிந்துவிட்டது என்று தோன்றும்போது இரண்டு பொத்தான்களை வரிசையாக அழுத்துங்கள். முதலில் "ரீஸ்டார்ட்". கெர்னல் எல்லாவற்றையும் மறந்து வெறும் மனதோடு எழுந்து வரும். பிறகு "ரன் ஆல்". எல்லாக் கட்டங்களும் மேலிருந்து கீழாக ஓடும். ஓரத்தில் 1, 2, 3, 4 என்று எண்கள் அழகாக நிற்கும்.

நின்றுபோனால் வருத்தப்படாதீர்கள். எந்தக் கட்டத்தில் நின்றதோ, அது தனக்கு மேலே இல்லாத ஏதோ ஒன்றை நம்பியிருந்தது என்று தெரிந்துவிட்டது. ஓடி முடிந்து, விடை மட்டும் மாறியிருந்தால், முன்பு வந்த விடையைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

மூன்றாம் கட்டத்தின் சிக்கலை அடியோடு தீர்க்க ஒரு பழக்கமும் உண்டு. வகுத்த விடையைப் பழைய பத்தியில் எழுதாமல், "லட்சத்துக்கு" என்று புதுப் பத்தியில் எழுதுங்கள். அப்போது கட்டத்தை நூறு முறை ஓட்டினாலும் 800 எப்போதும் 800-தான், விடை எப்போதும் 20-தான். மூலத்தைத் தொடாமல் நகலில் வேலை செய்வது எல்லாக் கணக்குக்கும் பொருந்தும்.

சரி, மாமாக் கடைக் கேள்விக்கு என்ன விடை? வரைபடத்தில் 2020 மார்ச் 18-இலும் 2022 ஏப்ரல் 1-இலும் செங்குத்துக் கோடு போடுங்கள். நாடு முழுவதும் ஓமிக்ரான் அலை 2022 மார்ச் தொடக்கத்திலேயே உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கியிருந்தது. அப்படி இருக்க, ஏப்ரல் 1-க்குப் பிறகு ஜொகூரின் எண் குறைவதைப் பார்த்து, "எல்லையைத் திறந்ததால் குறைந்தது" என்று சொல்ல முடியாது. "திறந்ததால் கூடியது" என்பவர் தம் கூற்றுக்கு அந்த வரைபடத்தில் இடம் தேடிக் காட்ட வேண்டும். ஒரு தேதிக்கு முன்னும் பின்னும் இருப்பதை மட்டும் பார்த்தால் காரணம் தெரியாது. கடற்பாலம் இல்லாத பகாங்கையும் பேராக்கையும் அதே வரைபடத்தில் லட்சத்துக்கு எத்தனை என்று சேர்த்துப் போட்டுப் பாருங்கள். அங்கேயும் அதே மாதிரி இறங்கினால், கடற்பாலத்துக்கு அதில் பங்கு பெரிதாக இருக்க வாய்ப்பில்லை. நோட்புக் உங்களுக்குச் சரியான எண்ணைத் தரும். அந்த எண் எவ்வளவு தூரம் பேசும் என்பதை நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

இவ்வளவு கவனம் எதற்கு?

2020-இல் இங்கிலாந்தில் நடந்ததைக் கேளுங்கள். செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 கோவிட் தொற்றுகள் தினசரிக் கணக்கில் ஏறாமல் விடுபட்டுப் போயின. எக்செலின் பழைய வகைக் கோப்பில் 65,536 நிரைகளுக்கு மேல் இடமில்லை. மீதி சத்தமில்லாமல் உதிர்ந்துவிட்டது. தொற்று உள்ளவர்களுக்கு முடிவு தெரிவிக்கப்பட்டிருந்தது. ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடிச் சொல்வது நாள்கணக்கில் தாமதமானது. அந்த நாட்களில் எத்தனை பேர் ஒன்றும் தெரியாமல் தாத்தா பாட்டியைப் பார்க்கப் போயிருப்பார்கள்? நிரைகளை எண்ணிப் பாருங்கள் என்று நான் வகுப்பில் தொல்லை கொடுப்பது இதனால்தான்.

இன்னொன்று உங்களைப் போன்ற ஒரு மாணவரைப் பற்றியது. 2010-இல் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகோஃப் என்ற இரண்டு பெரிய பொருளியல் வல்லுநர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அரசின் கடன் நாட்டு உற்பத்தியில் 90 விழுக்காட்டைத் தாண்டினால் வளர்ச்சி சராசரியாக மைனஸ் 0.1 விழுக்காட்டுக்கு இறங்கிவிடுகிறது என்றார்கள். பல நாடுகளில் அரசியல்வாதிகள் செலவைக் குறைக்க இதை மேற்கோள் காட்டினார்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த தாமஸ் ஹெர்ன்டன் என்ற மாணவர் வகுப்புப் பயிற்சிக்காக அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். விடை வரவில்லை. ஆய்வாளர்களிடமே எக்செல் கோப்பைக் கேட்டு வாங்கினார். சராசரி எடுக்கும் சூத்திரத்தில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. வேறு சில தேர்வுகளும் கேள்விக்குரியவையாக இருந்தன. எல்லாவற்றையும் திருத்தியபோது சராசரி 2.2 விழுக்காடு என்று 2013-இல் தம் ஆசிரியர்களோடு சேர்ந்து அவர் எழுதினார்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "உங்கள் கணக்கை நான் பார்க்கலாமா?" கோப்பைக் கொடுத்தவர்களையும் நாம் பாராட்டத்தான் வேண்டும். கொடுத்ததால்தான் திருத்தம் பிறந்தது. நம்மைப் பற்றியும் எத்தனையோ எண்கள் பேசப்படுகின்றன. இந்திய மாணவர்களில் இத்தனை பேர் படிப்பை நிறுத்துகிறார்கள், தமிழ்ப்பள்ளிகளில் சேர்க்கை இவ்வளவு குறைந்துவிட்டது என்று மேடையிலும் கைப்பேசியிலும் கேட்கிறோம். சிலது சரியாக இருக்கும், சிலது யாரோ கிளப்பிவிட்டதாக இருக்கும். எண் காதுக்கு வரும்போது கோபமோ பெருமையோ படுவதற்கு முன், கணக்கைக் கேட்கும் பழக்கம் நம் பிள்ளைகளுக்கு வரவேண்டும். அதே கேள்வியை மற்றவர் நம்மிடம் கேட்டால், தயங்காமல் நோட்புக்கை நீட்டும் தைரியமும் வேண்டும்.

செய்து பாருங்கள்

1. சுகாதார அமைச்சின் மாநிலக் கோப்பைப் பதிவிறக்கி, நிரைகளை 16-ஆல் வகுத்துப் பாருங்கள். மீதி வருகிறதா?

2. ஜொகூரின் புதிய தொற்றை லட்சத்துக்கு எத்தனை என்று புதுப் பத்தியில் எழுதுங்கள். அந்தக் கட்டத்தை மூன்று முறை ஓட்டி, மாறிகள் பலகையில் எண் மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

3. தினசரி எண் ஏறி இறங்கிக் குதிக்கும். ஏழு நாள் சராசரியை இன்னொரு பத்தியில் எடுத்து, இரண்டையும் ஒரே வரைபடத்தில் போடுங்கள். சராசரியைப் பழைய பத்தியிலேயே எழுதி இரண்டு முறை ஓட்டினால் கோடு என்ன ஆகும் என்பதையும் நகல் ஒன்றில் சோதித்துப் பாருங்கள்.

4. ரீஸ்டார்ட், ரன் ஆல் செய்த பிறகு, விடைகளை நீக்கி, நோட்புக்கை ஒரு நண்பருக்கு அனுப்புங்கள். நீங்கள் எந்த விளக்கமும் வாயால் சொல்லக்கூடாது. அவர் ஓட்டிப் பார்த்துச் சொல்லும் எண்ணும் உங்கள் எண்ணும் ஒன்றுதானா?

நான்காவதைத் தாண்டிவிட்டீர்கள் என்றால் இந்தப் பாடம் முடிந்தது. நண்பர் கேட்கும் கேள்விகளைக் குறித்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் விடையை நோட்புக்கின் விளக்கக் கட்டத்தில் எழுதிவிடுங்கள். அடுத்து திறப்பவருக்கு அது உதவும்.